வரி

பெப்ரவரி. பெண்டில் ஹில்லில் நாற்பது பாகை வெயில்.
நான் மட்டும் நீளக்கைச் சட்டையில்.
நாளை மறுநாள் பள்ளிக்கூட நீச்சல் போட்டி.

குளியலறைக் கதவைத் தாழிட்டு
சட்டையைக் கழற்றி
கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நிற்கிறேன்.
அக்குளில் தொடங்கி மார்பை நோக்கி
வலப்பக்கம் ஐந்து கோடுகள்.
இடப்பக்கம் எண்ணவில்லை.
பீட்ரூட் வெட்டிய விரல்களால்
யாரோ அவசரமாகப் பிடித்திழுத்த நிறம்.
வலியில்லை. தொட்டால்
ஈரக் காகிதம்போலக் கொஞ்சம் நொய்மை.

ஒக்டோபரில் தொடங்கினேன்.
வெறும் தண்டே இருபது கிலோ,
அதற்கே முழங்கை நடுங்கியது.
பக்கத்து பெஞ்சில் காலித்
(என் வகுப்புத்தான், கணக்கில் என்னைவிட மோசம்)
எண்பதைத் தூக்கி வைத்துவிட்டு
கொட்டாவி விட்டான்.

அந்தக் கொட்டாவிதான்.

கிழமைக்கு ஆறு நாள்.
ஏழாம் நாள் அறைக்குள் தண்டால்.
பள்ளிக்கு முன் மார்பு, பள்ளி விட்டதும் மறுபடி மார்பு.
கால்? காலை யார் பார்க்கிறார்கள்.
முட்டை, பால், சோறு, இன்னும் சோறு.
தானாய்க் கனியாததைத் தடியால் அடித்தேன்.
அடிபடுவது எது என்று
குனிந்து பார்க்கவில்லை.
டிசம்பருக்குள் எட்டுக் கிலோ ஏறியது சதை.
எலும்பும் தன் பங்குக்கு
நான்கு சென்டிமீட்டர் நீண்டது.
எல்லாரும் கூடிப் பேசி வளர்ந்தார்கள்,
தோலுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

வரி என்றால் அப்பாவுக்கு
ஜூலை மாதத்துத் தலையிடி.
எனக்கு, இன்னும் கைக்கு வராத வருமானத்துக்கு
முன்கூட்டியே கட்டிய தொகை.

ஜனவரியில் அறுபது அறுபதாகவே நின்றது.
பிறகு ஐம்பத்தைந்து.
நான் இன்னும் ஒரு சுற்று கூட்டினேன்.
தலை வார இடக்கை எழவில்லை.
ரயிலில் மேல்பிடியை எட்டாமல்
கதவோடு சாய்ந்து போனேன்.
மூன்று மணிக்கு விழிப்பு; நெஞ்சுக்குள்
மாடிப்படியில் யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.
ஒருநாள் துவாரகா அக்கா உப்பைக் கேட்டாள்.
கத்தினேன். பிறகு அழுதேன்,
உப்புக்கு.

கிரீம் பத்தொன்பது டொலர்.
ஆளில்லாத கல்லாவில் கட்டி
வீட்டுக்கு வந்து பார்த்தால்
குழாயின்மேல் கர்ப்பிணி வயிறு ஒன்றின் படம்.
அக்காவின் கையில் அது அகப்பட்டது.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தி
முழங்காலுக்குப் பின்னால் திருப்பிக் காட்டினாள்:
மீன்முள்போல வெள்ளையாய் ஏழெட்டு.
"பதினொரு வயசில வந்தது.
நான் ஒண்டும் தூக்கேல்லை. சும்மா வளந்தனான்."
போகுமா?
"வெளிறும். போகாது."
போகிற போக்கில் கதவடியில் நின்று,
"புலியைப் பாத்துப் பூனை சூடு போட்ட கதை" என்றாள்.
அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

போட்டி நாள்.
சட்டையை உரிந்தேன், குதித்தேன்,
எட்டுப் பேரில் ஆறாவதாய்ச் சுவரைத் தொட்டேன்.
ஒருவரும் பார்க்கவில்லை.
பார்க்காதது ஏனோ கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

படிக்கட்டு நிழலில் காலித்.
எதற்கும் பெயர் கொடுக்கவில்லை.
நாற்பது பாகையில்
நீளக்கைச் சட்டை.

ஈரத்தோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன்.
வலக்கையை மட்டும் தூக்கித் தலை துவட்டினேன்,
தேவைக்கு மேலாகவே நேரமெடுத்து.
அவன் பார்த்தான்.
"எத்தனை?"
ஐந்து. இடப்பக்கம் எண்ணவில்லை.
"பதினொன்று" என்றான். "முதுகைச் சேர்க்காமல்."

இதிலும் முந்திவிட்டான்.

"ஜிம்முக்குப் போய் மூன்று கிழமை" என்றான், தண்ணீரைப் பார்த்தபடி.
"தோள். போத்தல் மூடிகூடத் திறக்க முடியாது."
அவனுடைய தண்ணீர்ப் போத்தல்
மூடியபடியே காலடியில் கிடந்தது.
எடுத்துத் திருகினேன்.
எனக்கும் இரண்டு கையும் வேண்டியிருந்தது.